முன்பே வரையப்பட்ட முகம்

(ஓவிய மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முகம் தீட்டுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். பச்சை குத்துவதையும் சேர்த்துக்கொள்கிறேன் என்றேன். அமைப்பாளர்கள் உடனே சம்மதித்தார்கள். அதற்கு என் நன்றி. உங்களில் சிலர் பகலில் வகுப்பில் எண்ணெய் வண்ணத்தில் முகம் தீட்டிவிட்டு, மாலையில் டாட்டூ கடையில் ஊசி பிடிக்கிறீர்கள். முதலாவது கலை, இரண்டாவது பிழைப்பு என்று யாராவது உங்களிடம் பிரித்துச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிரிவினை செல்லாத ஒரு தேசம் இருக்கிறது. நியூசிலாந்து. அங்கே 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஓவியர்கள் சந்தித்த ஒரு சிக்கல்தான் என் பேச்சின் பொருள். எதிரே வந்து உட்காருபவரின் முகத்தில் இன்னொரு கலைஞர் ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தால், ஓவியன் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடம் ஒரு கதை வழங்குகிறது. மாத்தாஓரா என்ற தலைவன் கீழுலகத்துப் பெண்ணான நிவாரெக்காவை மணந்தான். ஒருநாள் கோபத்தில் அவளை அடித்துவிட்டான். அவள் தகப்பன் வீட்டுக்கே, ராரோஹெங்கா என்னும் அந்த உலகத்துக்கே, போய்விட்டாள். மனம் உடைந்த மாத்தாஓரா, முகம் முழுக்க வண்ணத்தில் கோலங்கள் தீட்டிக்கொண்டு அவளைத் தேடிப் போனான். அங்கே மாமனார் உவேதொங்கா ஒருவனுக்கு முகத்தில் உளியால் பச்சை பொறித்துக்கொண்டிருந்தார். மருமகனைப் பார்த்தார். கையை நீட்டி அவன் முகத்தை ஒரு துடைப்புத் துடைத்தார். கோலம் கலைந்துபோயிற்று. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கிப்போன மாத்தாஓரா, அழியாத கோலத்தை எனக்கும் போடுங்கள் என்று தன்னை அவரிடம் ஒப்புக்கொடுத்தான். வேதனையில் அவன் மனைவியின் பெயரைச் சொல்லிப் பாட, அந்தக் குரல் கேட்டு அவள் வந்தாள். கணவனோடு மேலுலகுக்குத் திரும்பினாள். இப்படித்தான் தா மோகோ என்னும் பச்சைக் கலை மனிதரிடம் வந்தது என்கிறார்கள்.

இந்தக் கதையில் வண்ணம் தோற்கிறது, உளி வெல்கிறது. ஓவியர்களாகிய நமக்கு இது சற்றே உறைக்கும். உறைக்கட்டும். பின்னால் வரப்போகும் வரலாற்றில் இந்தக் கணக்கு மாறுகிறது.

மோகோ எப்படிப் பொறிக்கப்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்; அது தெரியாமல் அந்த ஓவியங்களைப் பார்ப்பதில் பயனில்லை. கருவியின் பெயர் உஹி. பெரும்பாலும் அல்பட்ராஸ் பறவையின் எலும்பைத் தீட்டிச் செய்த சிறு உளி. அதைத் தோலின்மேல் வைத்துச் சின்னக் கோலால் தட்டுவார்கள். தட்டையான விளிம்புள்ள உளி சதையை வெட்டிப் பள்ளம் எடுக்கும். பல் வைத்த உளி மையில் தோய்ந்து அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். கௌரி மரத்துப் பிசினை எரித்த கரியும், பூஞ்சை பிடித்து இறுகிய ஒருவகைப் புழுவைச் சுட்ட சாம்பலும் மையாயின. வாயைச் சுற்றிப் பொறித்தால் உதடு வீங்கி உண்ண முடியாது. மரத்தில் செதுக்கிய புனல் வழியாக உணவை ஊற்றினார்கள். முழு முகமும் முடிய ஆண்டுகள் ஆகலாம். இதைச் செய்யும் தோஹுங்கா என்னும் வல்லுநர் முதலில் முகத்தின் எலும்பையும் தசையையும் படித்து, கரியால் கோடிட்டுப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுப்பார். மூக்கின் இருபுறச் சுருளும் கன்னத்து வளைவும் அந்த ஒரு முகத்துக்காகவே பிறந்தவை. அவருடைய குலம், வம்சம், தகுதி, செய்த செயல் எல்லாம் அவற்றில் இருந்தன. இன்னொருவர் முகத்தில் அதே கோலத்தைத் தூக்கி வைக்க முடியாது.

ஆக, தோஹுங்காவும் முகம் தீட்டும் கலைஞர்தான். ஒரு மனிதரை உட்கார வைத்து, உற்றுப் பார்த்து, அவர் யார் என்பதைக் கோட்டில் கொண்டுவருகிறார். நாம் துணியில் செய்வதை அவர் அந்த மனிதர் மேலேயே செய்தார்.

1769இல் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பலில் சிட்னி பார்கின்சன் என்ற எடின்பரோ இளைஞர் ஓவியராக வந்தார். மோகோ தாங்கிய மாவோரி முகங்களை வரைந்தார். நாடு திரும்பும் வழியில் 1771இல் கடலிலேயே இறந்துபோனார்; படங்கள் 1773இல் நூலாக வெளிவந்தன. அவரைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். தஹித்தியில் தங்கியிருந்தபோது அவரும் கையில் பச்சை குத்திக்கொண்டார். அதைத் தன் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். வரைந்தவருக்கு வலியும் தெரிந்திருந்தது.

சில ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் ஜோஷுவா ரெனால்ட்ஸ், ரையாத்தெயா தீவிலிருந்து வந்த மாய் என்ற இளைஞரைத் தீட்டினார். 2023இல் லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் சேர்ந்து 5 கோடி பவுண்டுக்கு வாங்கினவே, அந்தப் படம்தான். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிற்கும் தோரணை ரோமானியச் சிலைகளிலிருந்து வருகிறது. தொங்கும் வெள்ளை ஆடையிலும் அதே செவ்வியல் சாயல். மாயின் சொந்த அடையாளமாக எஞ்சியவை கைகளில் இருக்கும் பச்சைக் குறிகள். படத்தின் பெருமிதம் கண்ணை இழுத்துக்கொள்வதால் பலரும் அவற்றைக் கவனிப்பதில்லை.

முகம் வரைபவர்களின் பழைய பழக்கம் இது. எதிரே இருப்பவரின் முகத்துக்குப் பொருளை நாமே கொடுக்கிறோம். ஒரு நிழல், ஒரு தோரணை, சாய்ந்த பார்வை. அதோடு ஒரு குணம் உண்டாகிவிடுகிறது. மோகோ பொறித்த முகம் அந்த உரிமையைத் தர மறுக்கிறது.

எப்படி மறுத்தது என்பதற்கு மாவோரித் தலைவர்களே சாட்சி. ஹொங்கி ஹிக்கா 1814இல் சிட்னிக்கு அருகே பாரமட்டாவில் தங்கியிருந்தபோது, வேலிக் கட்டையில் தன் தலையைத் தானே செதுக்கினார், மோகோவின் கோடுகளோடு. பத்தாண்டு கழித்து தே பெஹி குபே என்ற ங்காதி தோவா குலத் தலைவர், துப்பாக்கி பெறும் எண்ணத்தில் ஒரு கப்பலில் ஏறி இங்கிலாந்து வரை போனார். லிவர்பூலில் ஜான் சில்வெஸ்டர் என்ற ஓவியர் அவரைத் தீட்டினார். சாயல் சரியாக இருக்கிறதா என்று தலைவர் கவலைப்படவில்லை. முகத்துக் கோடு ஒவ்வொன்றும் பிசகாமல் வந்திருக்கிறதா என்றே பார்த்தார். பிறகு தானே பேனா எடுத்து, கண்ணாடி பார்க்காமல் தன் மோகோ முழுவதையும் தாளில் வரைந்து காட்டினார். உறவினர்களின் மோகோவையும் நினைவிலிருந்தே வரைந்தார். ஐரோப்பியன் பேனாவால் பெயர் எழுதுகிறான், என் பெயர் இங்கே இருக்கிறது என்று நெற்றியைக் காட்டினாராம். 1830இல் வெளிவந்த ஜார்ஜ் லில்லி கிரெய்க்கின் நூல் இவற்றைப் பதிந்திருக்கிறது. சில்வெஸ்டரின் படத்தையும் தலைவரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் கண், கன்னம், நிழல். மற்றதில் முகத்தின் எல்லைக்கோடுகூட இல்லை. கோலம் மட்டும் மிதக்கிறது. அதுவும் தன்னுருவப் படமே. அதைவிட உறுதியான தன்னுருவப் படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

1840இல் பிரிட்டிஷ் அரசோடு செய்த வைத்தாங்கி ஒப்பந்தத்திலும் சில தலைவர்கள் மோகோவின் ஒரு பகுதியைக் கையெழுத்தாக இட்டார்கள்.   

இனி காட்ஃப்ரீட் லிண்டாவர். இன்று நான் பேச வந்ததே இவருக்காகத்தான்.

1839இல் பொஹீமியாவின் பில்சென் நகரில் பிறந்தார். வியன்னா கலைக் கழகத்தில் பயின்றார். தேவாலயங்களுக்குப் புனிதர் படங்கள் தீட்டினார். கட்டாய ராணுவச் சேவையிலிருந்து தப்ப 1874இல் கப்பலேறி நியூசிலாந்து வந்து சேர்ந்தார். 1926இல் அங்கேயே வுட்வில் என்ற சிற்றூரில் மறைந்தார். ஆக்லாந்தில் ஹென்றி பார்ட்ரிட்ஜ் என்ற புகையிலை வியாபாரி அவரைத் தொடர்ந்து ஆதரித்தார். வரலாற்றில் இடம்பெற்ற மாவோரித் தலைவர்களை எல்லாம் தீட்டச் சொன்னார். அவரிடம் வந்தவர்கள் வெள்ளையர் மட்டும் அல்லர். மாவோரிக் குடும்பங்களே பணம் கொடுத்துத் தங்கள் பெரியோரை எழுதச் சொன்னார்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் படங்களைப் பாருங்கள். வேடிக்கைப் பொருளாக ஒருவரும் அவற்றில் இல்லை. நிமிர்ந்த மார்பு, நேரான பார்வை, தலையில் ஹூயா இறகு, காதில் பச்சைக்கல். சிலர் ஐரோப்பியக் கோட்டு அணிந்திருப்பார்கள், அது அவர்கள் விருப்பம். புனிதர்களைத் தீட்டிப் பழகிய கை அது என்பதை மறக்க வேண்டாம்.

தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உருண்ட பரப்பின்மேல் ஓடும் கோட்டைத் தீட்டுவது கடினம். முகத்தை முழுதாக முடித்துவிட்டு மேலே கறுப்பில் கோடு இழுத்தால், தாளில் வெட்டி ஒட்டியது போல் தனித்து நிற்கும். கன்னத்தின் வெளிச்சம் பட்ட பக்கத்தில் அந்தக் கோடு சாம்பல் நீலமாக இளகும், நிழல் பக்கத்தில் சதையோடு கலந்து மறையும். மூக்கின் பக்கவாட்டுச் சுருள், முகம் திரும்பும் கோணத்துக்கேற்ப நசுங்கும். முழுச் சுருளாக வரைந்தால் மூக்கு தட்டையாகிவிடும். இவை எல்லாப் பச்சைக்கும் பொருந்தும். மோகோவில் இன்னொன்று கூடுதல்: அது பள்ளம். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒளி வாங்கும் கரை ஒன்று, நிழல் விழும் கரை ஒன்று. லிண்டாவரின் நல்ல படங்களில் இந்தக் கரைகளைக் காணலாம். அங்கே அவர் கோட்டை நகலெடுப்பதோடு நிற்கவில்லை. உளியின் ஆழத்தையே தீட்டுகிறார். வேறொரு கலைஞரின் கைவேலைக்கு இவ்வளவு பொறுமை கொடுத்த ஓவியர்கள் குறைவு.

அவர் பெரும்பாலும் புகைப்படம் பார்த்தே தீட்டினார். மறைக்க வேண்டியதில்லை. தாமாதி வாக்கா நேனே என்ற தலைவரின் புகழ்பெற்ற படம் 1890இல் தீட்டியது. நேனே இறந்ததோ 1871இல், லிண்டாவர் கரையிறங்குவதற்கு மூன்றாண்டு முன்னால். புகைப்படத்தைத் திரையில் பெரிதாக விழச் செய்து பென்சிலில் படியெடுத்துக்கொண்டு தீட்டினார் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் மாணவர்கள் இருப்பீர்கள். ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து ஈரத்தகட்டுப் புகைப்படத்தில் மோகோ சரியாக விழாது. அந்த ரசாயனத்துக்கு நீல ஒளியும் புற ஊதாவும்தான் கூர்மையாகப் படும். நீலச் சாயல் கொண்ட மை வெளுத்து, தோலின் நிறத்தோடு ஒன்றிவிடும். பழைய படங்கள் சிலவற்றில், முகம் முழுக்க மோகோ உள்ளவர் வெறும் முகத்தோடு இருப்பதுபோலத் தோன்றும். அதனால் புகைப்படக்காரர்கள் பின்னால் கையால் கோடு போட்டுத் திருத்துவார்கள். கருவி காட்டாததைக் கண்ணும் கையும்தான் மீட்க வேண்டியிருந்தது. லிண்டாவரின் ஒவ்வொரு கோடும் துல்லியம் என்று நான் சொல்ல மாட்டேன். திருத்திய புகைப்படத்திலிருந்து எடுத்தவற்றில் திருத்தியவரின் பிழையும் சேர்ந்து வந்திருக்கலாம். ஆனால் கேமரா துடைத்துவிட்ட முகங்களுக்கு வண்ணம்தான் கோடுகளைத் திருப்பிக் கொடுத்தது. உவேதொங்காவின் கையை நினைத்துக்கொள்ளுங்கள்.

1915இல், எழுபத்தைந்து வயதைக் கடந்தபின், லிண்டாவர் ஒரு பெரிய படம் தீட்டினார். தோஹுங்கா ஒருவர் குனிந்து, படுத்திருக்கும் மனிதரின் முகத்தில் உளி வைத்துப் பொறித்துக்கொண்டிருக்கிறார். ஆண்கள் உளியால் முகத்தில் மோகோ பொறித்துக்கொள்வது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே ஓய்ந்திருந்தது. யாருடைய கோடுகளைத் தன் வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தாரோ, அந்தக் கலைஞரைக் கடைசியில் படத்தின் நடுவே வைத்தார். அதே 1915இல் பார்ட்ரிட்ஜ் தன் சேகரிப்பை ஆக்லாந்து நகருக்குக் கொடுத்தார். போரில் சிதறிய பெல்ஜிய மக்களுக்காக நகரத்தார் 10,000 பவுண்டு திரட்டித் தர வேண்டும் என்பது நிபந்தனை. திரட்டினார்கள்.

சார்லஸ் கோல்டியைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ஆக்லாந்தில் 1870இல் பிறந்து, பாரிஸில் அகாதெமி ஜூலியனில் பயின்று திரும்பியவர். கைத்திறனில் லிண்டாவரைவிட மேலானவர் என்றே நினைக்கிறேன். தோலின் சுருக்கம், ஈரம் மினுங்கும் கண், மோகோவின் பள்ளத்தில் தேங்கும் நிழல், எதையும் விடமாட்டார். பதாரா தே துஹி, இனா தே பாபாதாஹி போன்ற முதியவர்களைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். அவர்கள் அவருக்கு நண்பர்கள். ஆனால் அவர் படங்களில் பார்வை பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், முகம் பழைய நாளை எண்ணி ஏங்கும். தலைப்புகளும் அப்படியே: உன்னத இனத்தின் எஞ்சிய சின்னம் என்ற பொருளில் ஒரு படத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார். 1896 கணக்கெடுப்பில் மாவோரி மக்கள்தொகை 42,000 அளவுக்கு இறங்கியிருந்தது. இந்த இனம் அழியப்போகிறது என்று வெள்ளையர் பலர் நம்பிய காலம். அதன் பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டது, கோல்டியின் சோகம் மட்டும் மாறவில்லை. தோஹுங்கா அந்த முகத்தில் பொறித்தது வம்சத்தின் தொடர்ச்சியை. கோல்டி அதன்மேல் முடிவை எழுதினார். என் குறை இது ஒன்றுதான். அவர் தீட்டியவர்களின் வாரிசுகள் அந்தப் படங்களைத் தங்கள் முன்னோராகவே போற்றுகிறார்கள். அந்த மரியாதைக்கு முன் என் குறை சிறியது.

ஹொரேஷியோ ராப்லி பற்றியும் சொல்லியாக வேண்டும், மனம் கசந்தாலும். 1864இல் பிரிட்டிஷ் படையோடு வந்த அதிகாரி, தேர்ந்த கோட்டோவியர். காயம்பட்டுக் கிடந்த மாவோரிகளின் மோகோவைக்கூட வரைந்துகொண்டார். 1896இல் மோகோ பற்றி அவர் எழுதிய நூலை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அதே மனிதர் மோகோ பொறித்த, பதப்படுத்திய மனிதத் தலைகளை முப்பதுக்கு மேல் வாங்கிச் சேர்த்தார். அவற்றைச் சுவரில் மாட்டி நடுவே அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் இருக்கிறது. 1907இல் பெரும்பகுதியை நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் வாங்கியது. 2014இல்தான் அந்தத் தலைகள் ஊர் திரும்பின. கோட்டின்மேல் காதல் கொண்டு, கோட்டைச் சுமந்த மனிதரை மறந்தால் ஒரு கலைஞன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு ராப்லி போதும்.

1907இல்தான் தோஹுங்காக்களை ஒடுக்கும் சட்டமும் வந்தது. 1962 வரை நீக்கப்படவில்லை. பெண்கள் உதட்டிலும் மோவாயிலும் பொறித்துக்கொள்ளும் மோகோ கௌவே, ஊசிக்கு மாறி 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது. முகம் முழுக்கப் பொறித்த ஆண்கள் ஏறக்குறைய மறைந்தே போனார்கள். 1970களுக்குப் பிறகு மறுமலர்ச்சி. மீண்டும் உளியும் ஊசியும் எடுத்த இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்க முகங்கள் இல்லை. மரச்சிற்பங்கள் இருந்தன, மூத்தோரின் நினைவு இருந்தது, இந்த ஓவியங்களும் இருந்தன. லிண்டாவர், கோல்டி படங்களுக்கு முன் நின்று கோடுகளைப் படித்தார்கள். டெரெக் லார்டெல்லி போன்றவர்கள் ஓவியம், செதுக்கு வேலை, மோகோ மூன்றையும் ஒரே கையால் செய்கிறார்கள். நியூசிலாந்து ரக்பி அணி 2005 முதல் ஆடும் ‘கபா ஓ பாங்கோ’ ஹாக்கா நடனத்தை இயற்றியவரும் அவரே. 2016இல் நனாயா மஹுதா என்ற அரசியல்வாதி மோவாயில் மோகோ கௌவேயோடு நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். 2020இல் வெளியுறவு அமைச்சரானார். இன்று மோகோ கலைஞரிடம் போனால், வடிவங்கள் நிறைந்த ஆல்பத்தை நீட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். உன் மலை எது, ஆறு எது, பாட்டன் பாட்டி யார் என்றுதான் பேச்சு தொடங்கும். மாவோரி அல்லாதவர் கேட்டால், வம்சம் ஏறாத வேறு வடிவம் போட்டுத் தருபவர்கள் உண்டு.

டாட்டூ கடையில் வேலை செய்யும் மாணவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் செல்போனில் ஏதோ ஒரு பழங்குடிக் கோலத்தைக் காட்டி, இதைத் தோளில் போடுங்கள் என்பார். அது ஒருவருடைய முகமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், தேடிப் பாருங்கள், தேவைப்பட்டால் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு செய்தி. 2017 ஏப்ரலில், ஆக்லாந்தின் பார்னெல் பகுதியில் ஒரு ஏலக் கூடத்தின் கண்ணாடி முகப்பை வண்டியால் இடித்து, லிண்டாவர் 1884இல் தீட்டிய இரண்டு படங்களைத் திருடிப் போனார்கள். ங்காதாய் ராவுரே குடும்பத்தின் ஆணும் பெண்ணும். செய்தித்தாள்கள் விலையைப் பேசின, பத்து லட்சம் டாலர் என்றன. மாவோரிகளுக்கு அது பொருள் திருட்டு மட்டும் அல்ல. அவர்களுடைய துக்க வீடுகளில் இத்தகைய படங்களை இறந்தவரின் அருகே வைப்பார்கள். அவற்றோடு பேசுவார்கள், அழுவார்கள். முன்னோர் இருவரைக் கடத்திப்போனதற்கு ஒப்பான துயரம் அது. ஐந்தாண்டுக்கு மேல் தடயம் இல்லை. 2022 டிசம்பரில் ஓர் இடைத்தரகர் மூலம் காவல்துறையிடம் இரண்டும் வந்து சேர்ந்தன. சிறு சேதம்தான். முகங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.